பதினெட்டுப் புள்ளி ஏழு

அக்கா,

இன்று சாயங்காலம் உன் ரெக்கார்டு நோட்டு நம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. உன்னுடையது என்று அப்படியே சொல்லிவிடவும் முடியாது. மேலே ஒட்டியிருக்கிற சீட்டில் வேறு யாரோ பெயர் இருக்கிறது. உள்ளே எனக்குத் தெரியாத கையெழுத்து. பச்சை மையில் மேடம் போட்டிருக்கும் தேதி போன வருடத்தது. ஆனால் ஒவ்வொரு சோதனையும் முடிகிற இடத்தில், கடைசி வரிக்குக் கீழே, மூன்று புள்ளி வைத்து ஒரு சின்னப் பூ இருக்கிறது. அந்தப் பூ என்னுடையது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது உனக்கு ரெக்கார்டு எழுதிக் கொடுத்தேன் இல்லையா, அப்போது ஒரு சோதனை முடிந்த சந்தோஷத்தில் ஒரு பூ வரைவேன். அதைக் கெமிஸ்ட்ரி என்று நினைத்து யார் யாரோ இத்தனை வருடமாக வரைந்திருக்கிறார்கள்.

கொண்டுவந்தது பின்தெரு சுதா. நீ போனபோது அவள் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். இப்போது நீ படித்த காலேஜில், நீ எடுத்த கெமிஸ்ட்ரியிலேயே முதல் வருடம். ஜவுளிக்கடை கவர் ஒன்றில் புது ரெக்கார்டு ஒன்றையும் இந்தப் பழையதையும் போட்டு வாசலிலேயே நின்றாள்.

"இன்னா பண்ற? படிக்கிறியா?"

"சும்மாத்தான் சுதாக்கா."

"அப்ப இத எழுதிக் குடேன். நாளன்னிக்கு சைன் வாங்கணும். காலேஜ் வுட்டு அப்டியே கடைக்குப் போறேன். வீட்டுக்கு வர்றதுக்கே எட்டரை ஆவுது."

"எனக்கும் பிராக்டிகல் வருது..."

"உன் கை அச்சு மாதிரி இருக்கும்னு உங்கம்மாதான் எங்கம்மாகிட்ட சொல்லிச்சு. எழுதித் தருவான்னும் சொல்லிச்சு."

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "எழுதிக் குடுடி, பாவம். கை தேஞ்சா பூடும்?"

சுதா நோட்டைப் பிரித்து எனக்குப் பாடம் எடுத்தாள். "அப்டியே எழுதணும். ஒரு எழுத்து மாத்தாத. பத்துக்குப் பத்து வாங்குன நோட்டு இது. அப்புறம், ஆறாவது எக்ஸ்பெரிமென்ட்டுல டேபிளாண்ட ஒரு சின்னப் படம் இருக்கும். அதையும் மறக்காம போட்ரு."

"இன்னா படம்?"

"யாருக்குத் தெரியும், ஏதோ அப்பரேட்டஸ். அத வுட்டா மார்க் கொறைப்பாங்கன்னு சீனியர் சொல்லிச்சு."

சரி என்று வாங்கி வைத்துவிட்டேன். ஆறாவது சோதனை என்றதுமே நோட்டை மூடிவிட்டேன். அந்தப் பக்கத்தை மட்டும் அப்போது திறக்கவில்லை.

நான் இப்படி உனக்கு எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அப்பா கடலுக்குப் போயிருக்கிறார். அம்மா எனக்குக் கால் எட்டும் தூரத்தில் படுத்திருக்கிறாள். சுதாவின் ரெக்கார்டுக்காகத்தான் லைட் எரிகிறது என்று நினைத்துக்கொண்டு தூங்குகிறாள். ரெக்கார்டுக்கு அடியில் இந்தத் தாள். அம்மா புரண்டால் ரெக்கார்டை மேலே இழுத்து, எழுதுவது போலப் பேனாவை ஆட்டுகிறேன். இதற்குள் இரண்டு முறை ஆட்டியாகிவிட்டது. பயமாக இருக்கிறது அக்கா. மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அம்மாவிடம் சொல்ல வேண்டும். உன்னிடம் சொல்வது கொஞ்சம் சுலபம் என்பதால் உன்னிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் என் விரலைப் பற்றிச் சொல்கிறேன். வலது ஆள்காட்டி விரலின் நுனி பழுப்பாக இருக்கிறது. காலையில் பள்ளிக்கூட லேபில் பெர்மாங்கனேட் பட்டது. பியூரெட் குழாயில் ஊற்றும்போது ஊதாவாக வழிந்தது, துடைத்துவிட்டேன், மத்தியானம் பார்த்தால் துருப்பிடித்த ஆணி மாதிரி ஆகியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு எலுமிச்சை மூடியை எடுத்துக் கையில் வைத்தாள். "தேய்டி, பூடும்." உன்னிடமும் இதையேதான் சொன்னாள். நீ மூடியை வாங்கி வைத்துக்கொண்டு தேய்க்காமல் இருந்தது எனக்கு நினைவு வந்தது.

எப்போதும் நானும் கோமதியும் சேர்ந்துதான் சோதனை செய்வோம். அதாவது அவள் செய்வாள், நான் எழுதுவேன். அவளும் பாதி நேரம் முன்பெஞ்சைப் பார்த்துத்தான் ரீடிங் சொல்வாள். இன்று கோமதி வரவில்லை. நான் தனியாகச் செய்ய வேண்டியதாகிவிட்டது. அந்த முதல் சொட்டு விழுந்ததும் நீ சொன்னது அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு வரிசையாக எல்லாம் நினைவு வந்துவிட்டது. சாயங்காலம் பார்த்தால் சுதா நோட்டோடு நிற்கிறாள்.

நீ காலேஜில் சேர்ந்த வருடம் நம் வைத்திக்குப்பத்திலிருந்து கெமிஸ்ட்ரிக்குப் போனவள் நீ ஒருத்திதான். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்து, வந்ததும் படுத்துவிடுவாய். வாராவாரம் ரெக்கார்டு எழுத வேண்டும். சோதனை செய்த பிறகுதான் எழுத வேண்டும் என்று எனக்கே பிறகுதான் தெரியும். உங்கள் வகுப்பில் வழக்கம் வேறு. சீனியரின் நோட்டை வாங்கி, சோதனை நடக்கும் முன்பே எல்லாவற்றையும் எழுதி முடித்துவிடுவீர்கள். ரீடிங்கும் சேர்த்து. லேபுக்குப் போய், எழுதியிருக்கிற நம்பர் வருகிற வரைக்கும் பியூரெட்டைத் திறந்துவிட்டு மூடிவிடுவீர்கள். நீ இதைச் சிரித்துக்கொண்டே அம்மாவுக்கு நடித்துக் காட்டியிருக்கிறாய்.

"கையெழுத்து நல்லா இருந்தா ரெண்டு மார்க் கூட. எழுதிக் குடுடி என் செல்லம்" என்று என்னைப் பிடித்தாய். அம்மா மீன் கொடுக்கிற சொல்தா வீட்டம்மா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள், அவர்களுடைய மகள் பாரிசிலிருந்து வந்தபோது கொடுத்த மைப்பேனாவை அம்மா எனக்குத் தந்திருந்தாள். அந்தப் பேனாவில் எழுதுவதற்காகவே நான் ஒத்துக்கொண்டேன். ஒரு சொல்லும் புரியாது. பெர்மாங்கனேட் அடர்நிறமாக இருப்பதால் மேல் விளிம்பைப் பார்த்து ரீடிங் எடுக்க வேண்டும் என்று இங்கிலீஷில் இருந்த வரியை அழகாக எழுதி அடிக்கோடு போட்டேன். எதற்கு மேல் விளிம்பு, எதன் மேல் விளிம்பு, ஒன்றும் தெரியாது. உன் வகுப்பில் எல்லாரும் அந்த நோட்டைத்தான் கேட்டார்கள். சீனியரின் கிழிந்த நோட்டைவிட அது படிக்க நன்றாக இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்காரி எழுதியதைப் பார்த்து முப்பத்தொன்பது பேர் எழுதினார்கள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஆறாவது சோதனை எழுதியபோது சீனியர் நோட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தைக் கரப்பான் தின்றிருந்தது. அட்டவணையில் கடைசிக் கட்டம் இல்லை. எவ்வளவு பெர்மாங்கனேட் செலவானது என்று இருக்க வேண்டிய இடம். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். இரண்டு தடவை கூப்பிட்டேன். "எதயாவது எழுதேன்டி, தூக்கம் வருது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். மற்ற பக்கங்களில் பதினாறு, இருபத்திரண்டு என்று இருந்தன. எனக்கு ஒரு நம்பர் வேண்டும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். வாசல் கதவில் சுனாமிக்கு அப்புறம் கணக்கெடுக்க வந்தவர்கள் நீலப் பெயிண்ட்டில் எழுதிவிட்டுப் போன நம்பர் இருந்தது. 18/7. வந்து உட்கார்ந்து 18.7 என்று எழுதினேன். பூ வரைந்தேன். தூங்கிவிட்டேன்.

காலையில் சொல்ல மறந்தேன். நீ பஸ்ஸிலேயே அந்த நம்பரை வைத்துக் கணக்கைப் போட்டு முடித்துக்கொண்டாய். பத்துக்குப் பத்து வந்தது. அதற்குப் பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நோட்டை நீ அம்மாவிடம் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? ஐப்பசி மழை. படகு போகவில்லை, மார்க்கெட்டுக்கும் போக வேண்டியதில்லை. அம்மா கருவாட்டை உள்ளே எடுத்துப் பரப்பிக்கொண்டிருந்தாள். பச்சை மையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த ஊதாத் தண்ணிய ஊத்துனா இன்னா ஆவும்?"

"கலர் மாறும்மா."

"இன்னா கலரு?"

"ரோஸ்."

"ஊத்துன ஒடனே மாறிடுமா?"

நீ என்னைப் பார்த்தாய். எனக்கு எப்படித் தெரியும்? "ஆமாம்மா, மாறிடும்" என்றாய்.

"ஏன் மாறுது?"

"அது ரியாக்ஷன்."

"அப்டின்னா?"

நீ கருவாட்டைப் புரட்டிப் போட ஆரம்பித்தாய். அம்மா சிரித்தாள். "பத்துக்குப் பத்துன்ற, ஒண்ணும் தெரியலயே. ஐஸ் பொட்டில மூணு நாளு கெடந்ததப் புதுசுன்னு விக்கிறவ மாதிரி கீற."

அம்மா அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். நீ மறக்கவில்லை. அம்மா உன்னை நல்ல மீன் இல்லை என்று சொல்லிவிட்டது மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தாய். அடுத்த வாரமெல்லாம் லேபில் என்னத்தையோ கேட்டுத் திட்டு வாங்கினாய் என்று உன் தோழிகள் வந்து சொன்னார்கள். "உங்கக்காவுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சு. நாங்கல்லாம் மூணு மணிக்கே கெளம்பிடறோம், அது மட்டும் சொட்டுச் சொட்டா வுட்டுகினு நிக்குது."

ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து என்னைப் பிடித்துச் சொன்னாயே. "மொத சொட்டு வுழுந்தா போவமாட்டேங்குதுடி. அப்டியே நிக்குது ரோஸா. தப்பாப் பண்ணிட்டேன்னு பயந்துட்டேன். கொஞ்ச நேரம் ஆட்டிகினே இருந்தா மெதுவாப் போவுது. ரெண்டாவது அதவிடச் சீக்கிரம் போவுது. அப்புறம் வுழ வுழக் காணாமப் பூடுது. நோட்டுல அதப் பத்தி ஒண்ணுமே இல்ல பாரு." ஏன் என்று கேட்டேன். முதல் சொட்டில் உண்டாவதே அடுத்த சொட்டுக்கு ஒத்தாசை செய்கிறதாம். மேடத்தை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாய். அன்றைக்கு உன் விரலெல்லாம் பழுப்பு.

அந்த வருடக் கடைசியில் இன்டர்னல் பரீட்சை. அதே ஆறாவது சோதனை, அதே கரைசல். முப்பத்தொன்பது பேர் 18.7 எழுதினார்கள். நீ செய்து பார்த்தாய். 20.3 வந்தது. மறுபடி செய்தாய், 20.3. மூன்றாவது தடவையும். நீ வீட்டில் வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மேடம் உன் தாளைத் தூக்கிப் பிடித்துக் கேட்டாராம்: "முப்பத்தொம்பது பேரும் பொய்யா சொல்லுவாங்க?" அவர் உன் பெஞ்சுக்கு வந்து ஒரு தடவை செய்து பார்த்தால் தெரிந்திருக்கும். நாற்பது தாள் திருத்த வேண்டியவருக்கு அதற்கு நேரம் இல்லை. இருபத்தைந்துக்குப் பதினொன்று போட்டார். அதுவரை நீதான் வகுப்பில் முதல். அம்மா அதைப் பெரிய மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"எல்லாரும் எழுதுனத நீயும் எழுதித் தொலைச்சா இன்னாடி?" என்றாள் அம்மா.

"எனக்கு அது வரலம்மா."

"ஊரே ஒரு வழி போவுது. உனுக்கு மட்டும் இன்னா தனி வழி? இதுக்காடி ஐஸ்ல கைய வுட்டுகினு கெடக்குறேன்?"

"அந்தப் பதினெட்டு பாயின்ட் ஏழு எங்கேர்ந்துதான் வந்துச்சோ" என்றாய் நீ. சொல்லும்போது ஒரு தடவை என் பக்கம் பார்த்தாய். நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்போது வாயைத் திறந்திருந்தால் அம்மாவின் கோபம் என் மேல் திரும்பியிருக்கும். மேடத்திடம் போய் நீ சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் முதுகிலும் அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு அடிக்குப் பயம். அம்மா உன்னிடம் ஒன்பது நாள் பேசவில்லை. நான் ஒன்பது நாளும் எண்ணினேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பத்தாம் நாள் லீவு. அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போனோம். அம்மா தூக்கை வாங்கிக்கொண்டு உன் முகத்தைப் பார்க்காமல் சங்கரா மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள். ஒரு பெண் வந்து குனிந்து நின்று, "காலைல புடிச்சதா? நிஜமா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு எரிச்சல். "நான் சொல்றது இன்னாத்துக்கு? எழுதியா ஒட்டியிருக்கு? செவுளத் தொறந்து நீயே பாரேன்."

நீ சிரித்துவிட்டாய். அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாய்.

"உனுக்கு இதுல இன்னாடி சிரிப்பு?" ஒன்பது நாளுக்குப் பிறகு அம்மா உன்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நீ சொல்றதத்தாம்மா நான் செஞ்சேன்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "நான் மீன் விக்கிறேன். நீ மார்க்கு வாங்கணும். ரெண்டும் ஒண்ணா?" என்றாள். ஆனால் தூக்கிலிருந்து ஒரு வறுத்த துண்டை எடுத்து உன் கையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு உனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. நான் எது சொன்னாலும் "பாத்தியா, எழுதுனியா?" என்று கேட்பாய். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் கேட்பாய். வீராம்பட்டினத்துத் தேர் போன தடவையைவிடப் பெரிசு என்றால் கேட்பாய். எனக்கு ஆத்திரமாக வரும். குற்றம் செய்த நெஞ்சு இல்லையா, தெரிந்துதான் குத்துகிறாளோ என்று ஒரு கணம் தோன்றும். அப்புறம் உன் முகத்தில் ஒன்றும் இருக்காது.

இரண்டாம் வருடம் ஆரம்பத்தில் ஜூனியர்கள் வந்து நோட்டைக் கேட்டார்கள். பதினொன்று வாங்கினவளின் நோட்டை யார் வாங்குவார்கள் என்று நினைத்தேன். ஆனால் ரெக்கார்டுக்குப் பத்துக்குப் பத்து இருந்ததே, அதுதான் அவர்களுக்கு வேண்டியது. கொடுப்பதற்கு முந்தின நாள் நீ பென்சிலை வைத்துக்கொண்டு அந்த நோட்டோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். தப்பைத் திருத்துகிறாய் என்று நினைத்தேன். பக்கத்தில் வர எனக்குத் தைரியம் இல்லை.

தை மாதம் உனக்கு மஞ்சள் காமாலை. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் நீ இல்லை. அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. பெரியாஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குக் கீழே பாயில் நான் படுத்திருந்தேன். ஒரு மத்தியானம் அம்மா காப்பி வாங்கப் போனபோது சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். நீ கண்ணைத் திறக்காமல், "தூக்கம் வருதுடி, எதயாவது எழுதேன்" என்றாய். காய்ச்சலில் எந்த நாளில் இருந்தாயோ. நான் மறுபடியும் படுத்துக்கொண்டேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டுத்தான், சற்று முன்னால், ஆறாவது சோதனையைத் திறந்தேன்.

அட்டவணையில் 18.7 இருந்தது. நீ திருத்தவில்லை. பக்கத்தில் சுதா சொன்ன படம். கறுப்பு மையில், ஸ்கேல் வைத்து, கோடு பிசகாமல் வரைந்திருக்கிறாள் யாரோ. முதலில் எனக்கும் அப்பரேட்டஸ் மாதிரிதான் தெரிந்தது. ஒரு பெட்டி. பெட்டிக்கு மேல் சரிந்த மூடி. மூடியின் மேல் திருகு மாதிரி ஏதோ. பெட்டிக்கு முன்னால் இரண்டு ஸ்டாண்ட், ஒன்று உயரம், ஒன்று குட்டை. குட்டை ஸ்டாண்டின் கையில் அதைவிட உயரமான ஒரு குழாய். அம்புக்குறி போட்டு 'பியூரெட்' என்று அழகாக எழுதியிருந்தது. பெட்டியின் நடுவில் ஒரு கதவு, கதவில் 18.7. முழுப் படத்துக்கும் பச்சை மையில் ஒரு டிக்.

அது நம் வீடு அக்கா. இடது பக்கம் சரிந்த கூரை, மேலே காக்கா. அதைத்தான் திருகாக்கிவிட்டார்கள். நீ எங்கே பென்சில் கிடைத்தாலும் வரைகிற அதே வீடு. உயரமாக நிற்பது நீ. குட்டையாக நிற்பது நான். என் கையில் இருப்பது பியூரெட் இல்லை, மைப்பேனா. என்னைவிடப் பெரிய பேனா.

உனக்குத் தெரிந்திருக்கிறது. மேடம் தாளைத் தூக்கிப் பிடித்துக் கேட்டபோதே அது நம் கதவு நம்பர் என்று தெரிந்திருக்க வேண்டும். முப்பத்தொன்பது பேருக்கு முன்னால் தங்கச்சி பெயரைச் சொல்லாமல் பதினொன்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். ஒன்பது நாள் அம்மா பேசாதபோதும் சொல்லவில்லை. பென்சிலில் மட்டும் வரைந்து வைத்தாய். நான் எப்போதாவது திறந்து பார்ப்பேன், பார்த்துச் சிரிப்பேன் என்று நினைத்திருப்பாய். நான் பயத்தில் பக்கத்திலேயே வரவில்லை.

நினைத்துப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது. உன் நோட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. உன் பென்சில் கோடு இந்நேரம் அழிந்தே போயிருக்கும். என்னவென்று கேட்காமல், புரியாமல், ஒரு கோடு விடாமல் எழுதுகிறவர்கள் இருந்ததால்தான் அது எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர்களில் ஒருத்தி 'இதென்ன, வீடு மாதிரி இருக்கே' என்று யோசித்திருந்தால் விட்டுவிட்டிருப்பாள். எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. சுதா எட்டரை மணிக்குக் கால் வீங்கி வருகிறாள். எனக்குமே இந்த வருடம் கட்-ஆஃப் வேண்டும், ஒரு மார்க் போனால் கவுன்சலிங்கில் எத்தனை பேர் முன்னால் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். போன மாதம் நானும் முன்பெஞ்ச் ரீடிங்கைத்தான் எழுதினேன். ஆனால் அந்தச் சோதனை என்ன என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. இன்றைக்குச் செய்தது எப்போது கேட்டாலும் சொல்வேன். பதினொன்று வாங்கிய சோதனையை நீ அப்படித்தான் எப்போது கேட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அம்மா புரண்டாள். ரெக்கார்டை மேலே இழுத்துக்கொண்டேன்.

சுதாவின் ரெக்கார்டை எழுதி முடித்துவிட்டேன். ஒவ்வொரு வரியும் எழுதினேன், மேல் விளிம்பு வரியும்தான். இந்தத் தடவை அது என்னவென்று தெரிந்து எழுதினேன். ஆறாவது சோதனையில் அட்டவணைக்குக் கோடு போட்டு, கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். படத்தை வரையவில்லை. பூவும் இல்லை. உள்ளே ஒரு துண்டுத்தாள் வைத்திருக்கிறேன்:

"சுதாக்கா, இந்த நம்பர் தப்பு. ரொம்ப நாள் முன்னாடி நான் தப்பா எழுதினது. நீங்களே செஞ்சு பார்த்துப் போட்டுக்கோங்க. முதல் சொட்டு போறதுக்கு நேரம் ஆகும். பயப்படாதீங்க."

சுதா கோபப்படுவாள். அவளுடைய அம்மா மார்க்கெட்டில் நம் அம்மாவிடம் சொல்வாள். வேறு யார் வாயிலிருந்தும் இது அம்மா காதுக்குப் போகக் கூடாது. உனக்கு மூன்று வருடம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அம்மாவுக்காவது நேரத்தோடு சொல்ல வேண்டும். பழைய நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளலாமா என்று கூடத் தோன்றியது. கிழிக்கவில்லை. என் ரஃப் நோட்டில் பென்சிலால் வரைந்து வைத்துக்கொண்டேன், காக்காவைக் காக்காவாகவே. எலுமிச்சை மூடி இன்னும் ஜன்னலில் இருக்கிறது. நான் தேய்க்கப்போவதில்லை. வருகிற பரீட்சையில் பியூரெட்டைத் திறக்கும்போது நீ என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்பாய், பாத்தியா, எழுதுனியா என்று. அதைக் கேட்டு எனக்கு இனிமேல் ஆத்திரம் வராது.

கரையில் ஐஸ் வண்டிச் சத்தம் கேட்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து முடியை அள்ளிக் கட்டிக்கொண்டு, "இன்னும் முடியலயாடி?" என்று கேட்பாள். முடிந்துவிட்டது என்று சொல்வேன். பிறகு, அக்கா தப்புப் பண்ணவில்லை, அந்த நம்பரை எழுதியது நான் என்று சொல்வேன். உடனே நம்ப மாட்டாள். நான் உனக்காகப் பேசுகிறேன் என்று நினைப்பாள். அப்போது அவள் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைக் காட்டுவேன். நீலப் பெயிண்ட் மங்கியிருக்கிறது, ஆனால் அழியவில்லை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நம்பர் தெரியும்.